வெட்டவெளி அரங்கில் குரல்

புதுச்சேரி நகருக்குத் தெற்கே பாகூரும், மேற்கே வில்லியனூரும் அமைந்துள்ளன. இரண்டும் பழம்பெரும் ஊர்கள்; இக்காலத்தில் அவற்றின் பெயராலேயே கொம்யூன்கள் வழங்குகின்றன. பாகூர், பேரேரியும் நெல்வயல்களும் சூழ்ந்த ஊர். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப் புகழப்படுவது. வில்லியனூர், சங்கராபரணி ஆற்றின் கரையில் திருக்காமீசுவரர் கோயிலைக் கொண்டு விளங்குவது. இவ்வூர்களைச் சூழ்ந்த சிற்றூர்களில், அறுவடை முடிந்து வேனில் தொடங்கியதும், கூத்துக் காலமும் தொடங்கும். திரௌபதி அம்மன் கோயில்களில் பகற்பொழுதில் பாரதக் கதை நிகழும். இரவு முழுவதும் தெருக்கூத்து நடைபெறும்.

கூத்துக்கென்று கட்டப்பட்ட மண்டபம் அங்கே இல்லை, மேற்கூரையும் இல்லை, சுவரும் இல்லை. கோயிலின் முன்னுள்ள திடலோ, தெருக்கள் கூடும் முற்றமோ, அறுவடை முடிந்த வயலோ ஆடுகளமாக அமையும். மக்கள் தரையிற் பாய் விரித்து அமர்வர். முன்வரிசையில் சிறுவர் இருப்பர். வேலை முடித்து நேரங்கழித்து வந்த உழவரும், குழந்தையை மடியிற் கிடத்திய தாயரும் கடைசியில் அமர்ந்திருப்பர். துகிலுரியும் காட்சியில் திரௌபதி அவையோரை நோக்கி முறையிடும்போது, அம்முறையீடு முன்வரிசையோடு நின்றுவிடலாகாது. கடைசியில் அமர்ந்த தாயின் செவியையும் அது எட்டவேண்டும். எட்டாவிடின், அவளுக்கு அன்றிரவு கூத்தே இல்லை. ஒலிபெருக்கி தோன்றாத நாளில் இச்செயல் எங்ஙனம் நிறைவேறிற்று என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பாகூர் ஏரியின் அமைதியான நீரில் ஒரு கல்லை எறிந்தால், வட்ட வட்டமாக அலைகள் எழும். கல் வீழ்ந்த இடத்தில் உயர்ந்து நின்ற அலை, வட்டம் பெரிதாகப் பெரிதாகத் தாழ்ந்து, முடிவில் கண்ணுக்குப் புலனாகாமல் மறையும். குரலும் இவ்வாறே காற்றில் அலை அலையாகப் பரவுகின்றது. நீரலை மேற்பரப்பில் மட்டுமே விரியும். ஒலியலையோ மேலும் கீழும் எல்லாப் பக்கமும் விரியும். ஆதலால் அது விரைவில் மெலிகின்றது. தூரம் இருமடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறையும். பத்தடித் தொலைவில் இருப்பவர் பெறும் ஒலியில் பதினாறில் ஒரு பங்கே நாற்பதடித் தொலைவில் இருப்பவரை அடையும். மூடிய மண்டபத்தில் சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்பி இக்குறையை ஓரளவு ஈடு செய்யும். வெட்டவெளியில் மேலே சென்ற ஒலி மீள்வதில்லை.

மற்றோர் இடையூறும் உண்டு. சமதரையில் மக்கள் நெருங்கி அமர்ந்தால், முன்னவரின் தலைகளை உராய்ந்துகொண்டே ஒலி பின்னோரைச் சென்றடைதல் வேண்டும். மனித உடலும் ஆடையும் ஒலியை உட்கொள்ளும் இயல்பின. எனவே கடைசி வரிசைக்குத் தொலைவு ஒரு பகை. கூட்டம் மற்றொரு பகை.

இவ்விரு பகைகளையும் வெல்ல முயன்றவருள் கிரேக்கரும் உரோமரும் முதன்மையானவர். உரோமர் பெயர் புதுச்சேரிக்குப் புதியதன்று. பாகூருக்கும் வில்லியனூருக்கும் அண்மையில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ளது அரிக்கமேடு. 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் என்னும் தொல்லியல் அறிஞர் அங்கே அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த மதுச்சாடிகளின் ஓடுகளும், இத்தாலியில் வனைந்த சிவந்த மட்கலங்களின் துண்டுகளும் வெளிப்பட்டன. பழைய கிரேக்கக் கடல்வழி நூல் பொதுகே என்று குறிக்கும் துறைமுகம் இதுவே என்பது அறிஞர் துணிபு. உரோமரின் மதுவும் மட்கலமும் இக்கரைக்கு வந்தன. அவர்தம் கல்லரங்கு வரவில்லை. ஆயினும் அவ்வணிகம் செழித்த காலத்திலேயே உரோம நாட்டில் அரங்கக் கலை உயர்ந்து நின்றது.

கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த விட்ருவியஸ் என்னும் உரோமக் கட்டடக் கலைஞர், கட்டடக் கலை பற்றிப் பத்துப் பகுதிகள் கொண்ட பெருநூல் ஒன்றை இயற்றினார். அதன் ஐந்தாம் பகுதியில் அரங்கமைக்கும் முறையை விளக்குகின்றார். குரலை நீரலைக்கு ஒப்பிட்டவர் அவரே. நீரலை பரப்பில் மட்டும் விரிய, குரல் மேல்நோக்கியும் ஏறுகின்றது என்னும் வேறுபாட்டையும் அவர் கூறியுள்ளார். அதனால் இருக்கைகளைப் படிப்படியாக உயர்த்தவேண்டும் என்பதும், கீழ்ப்படியின் விளிம்பிலிருந்து மேற்படியின் விளிம்புவரை ஒரு கயிற்றைப் பிடித்தால் அது இடையிலுள்ள எல்லாப் படிகளின் விளிம்பையும் தொடவேண்டும் என்பதும் அவர் வகுத்த விதி. ஒரு படி மட்டும் மிக உயர்ந்திருப்பின், அது குரலைத் தடுத்து மேலே தள்ளிவிடும். படி சரிவாக உயர்ந்தால், முன்னவர் தலை பின்னவர் செவியை மறைப்பதில்லை. கூட்டம் என்னும் பகை இவ்வாறு வெல்லப்பட்டது.

தொலைவு என்னும் பகையை வெல்ல, இருக்கைகள் அரைவட்டமாக அமைக்கப்பட்டன. நீண்ட நேர்வரிசையில் அமர்பவரைவிட, அரைவட்டத்தில் அமர்பவர் பேசுவோனுக்கு அண்மையில் இருப்பர். மேலும் உரோமர், மேடைக்குப் பின்னே உயர்ந்த சுவர் ஒன்றை எழுப்பினர். பிரான்சு நாட்டின் தென்பகுதியில் உள்ள ஒராஞ்சு நகர அரங்கில் அச்சுவர் இன்றும் நிற்கின்றது. அதன் நீளம் 103 மீட்டர். உயரம் 37 மீட்டர். நடிகனுக்குப் பின்னும் பக்கமும் செல்லும் ஒலி இத்தகைய சுவரிற் பட்டு மக்களை நோக்கித் திரும்புகின்றது. மேடைக்கும் படிகளுக்கும் இடைப்பட்ட கல்தளமும் அவ்வாறே ஒலியை மேலெழுப்பி உதவுகின்றது.

திரும்பி வரும் ஒலி எப்போதும் நன்மை செய்வதன்று. ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். நேரே வந்த ஒலிக்குப் பின் நொடியின் இருபதில் ஒரு பங்குக்குள் திரும்பிய ஒலியும் வந்து சேர்ந்தால், செவி இரண்டையும் ஒன்றாகக் கொண்டு, சொல் தெளிவாகவும் வலிவாகவும் ஒலிப்பதாக உணரும். அக்கால அளவில் ஒலி ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். திரும்பிய ஒலி அதனினும் மிகுதியான வழியைச் சுற்றி வந்தால், ஒரு சொல்லின் மேல் மற்றொரு சொல் விழுந்து குழப்பம் நேரும். ஒலிக்கு உதவும் இடங்களையும் ஒலியைக் கெடுக்கும் இடங்களையும் விட்ருவியஸ் வகைப்படுத்திக் கூறி, நல்ல இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்கின்றார்.

அவர் கூறும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. இருக்கைகளுக்கு நடுவே மாடங்கள் அமைத்து, அவற்றில் இசைச் சுரங்களுக்கேற்ப ஒலிக்கும் வெண்கலக் கலங்களை வைக்கலாம் என்பதே அது. குழாயடியில் குடத்தில் நீர் நிரம்பும்போது, முதலில் தாழ்ந்து ஒலிக்கும் ஓசை, குடம் நிரம்ப நிரம்ப உயர்வதை யாவரும் கேட்டிருப்பர். கலத்தினுள் உள்ள காற்றின் அளவுக்கேற்ப அதற்கென ஓர் ஓசை உண்டு. அவ்வோசையே வெளியிலிருந்து வரின், கலம் தானும் உடன் அதிரும். இதனை ஒத்ததிர்வு என்பர். வெண்கலத்துக்குப் பொருள் போதாத சிற்றூர்களில் மண்சாடிகளை வைத்தும் பயன்பெற்றனர் என்று விட்ருவியஸ் எழுதுகின்றார். சுடுமண் கைவினைக்குப் பெயர் பெற்ற வில்லியனூரின் குயவர் இச்செய்தியைக் கேட்பின் முறுவல் பூப்பர். இக்கலங்களால் விளைந்த பயன் மிகச் சிறிதாகவே இருந்திருக்கும் என்பது இக்கால ஒலியியலார் பலரின் கருத்து. ஆயினும் ஒலியைச் செவியால் மட்டுமன்றி அறிவாலும் ஆராய்ந்த முயற்சிக்கு அது சான்றாகின்றது.

பழைய அரங்குகளைப் பற்றி மிகைபடக் கூறும் வழக்கமும் உண்டு. கிரேக்க நாட்டில் எபிடாரஸ் என்னும் இடத்தில் கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த அரங்கு ஒன்று உள்ளது. அதன் நடுவே ஒரு காசை நழுவவிட்டாலும், மெல்லக் கிசுகிசுத்தாலும், மேற்படியில் இருப்பவருக்குக் கேட்கும் என்று வழிகாட்டிகள் நெடுங்காலமாகக் கூறிவந்தனர். நெதர்லாந்து நாட்டின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர் அவ்வரங்கிலும் வேறு இரண்டு பழைய அரங்குகளிலும் கருவிகள் வைத்து அளந்து, 2017-ஆம் ஆண்டில் தம் முடிபுகளை வெளியிட்டனர். காசு விழும் ஓசை தொலைவிலும் ஒருவாறு கேட்கலாம். ஆனால் அது காசின் ஓசைதான் என அறிவது பாதி வரிசை வரையில்தான் இயலும். கிசுகிசுப்பு முன்வரிசையாருக்கே விளங்கும். குரலை நன்கு உயர்த்திப் பேசினால் மட்டுமே கடைசி வரிசைக்குச் சொல் தெளிவாகச் சென்று சேரும். இவையே அவர்கள் கண்டவை.

இம்முடிபு அரங்கின் பெருமையைக் குறைப்பதன்று. நடிகனின் பெருமையைக் காட்டுவது. கல்லரங்கு குரலுக்குத் துணை செய்யும். குரலை அது படைக்காது. ஆயிரக்கணக்கானோர் அமர்ந்த அவையில், இயந்திரத் துணையின்றிச் சொல் சிதையாமல் உரைத்தவன் பயின்ற நடிகனே. துணையாகிய கல்லும் இல்லாதபோது குரல் என்ன செய்தல் கூடும் என்பதற்கு விடை தருவது தெருக்கூத்து.

தமிழர் அரங்கமைப்பை அறியாதவர் அல்லர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கின் அளவுகளை விரித்துரைக்கின்றது. பெருவிரல் அளவில் இருபத்து நான்கு கொண்டது ஒரு கோல். அக்கோலால் ஏழு கோல் அகலமும், எட்டுக் கோல் நீளமும், ஒரு கோல் உயரமும் உடையதாக மேடை அமைந்தது. மேடைத் தளத்துக்கும் அதன் மேலிட்ட உத்தரப் பலகைக்கும் இடைவெளி நான்கு கோல். தூணின் நிழல் ஆடுவோர்மேல் விழாதவாறு விளக்கு வைக்கப்பட்டது. அது மாநகரத்து அரங்கு. சிற்றூர்க் கூத்துக்கு அத்தகைய பொருள்வளம் இல்லை. கல்லும் மரமும் செய்த பணியை, ஆட்களை நிறுத்தும் முறையாலும், பாட்டின் அமைப்பாலும், பொழுதின் தேர்வாலும் கூத்தர் செய்தனர்.

முதலாவது, ஆட்களை நிறுத்தும் முறை. களத்தின் பின்புறத்தில் ஒரு பலகை இடப்படும். மத்தளம், தாளம், முகவீணை, ஆர்மோனியம் ஆகியவற்றை இசைப்போரும் பின்பாட்டுக்காரரும் அங்கே இருப்பர். அவர்களுக்கு முன்னே கூத்தர் ஆட, மக்கள் மூன்று பக்கமும் சூழ்ந்து அமர்வர். இவ்வாறு சூழ்ந்தமர்வதால், உரோமரின் அரைவட்டம் தந்த அண்மை இங்கே கல்லின்றியே கிட்டுகின்றது. கூட்டம் மிகின், தரையில் அமர்ந்தோர்க்குப் பின்னே திண்ணையிலும் மேட்டிலும் சிலர் அமர்வர். கடைசியிற் சிலர் நிற்பர். படிகளின் பயனும் ஓரளவு கிடைத்துவிடுகின்றது.

இரண்டாவது, பாட்டின் அமைப்பு. மனிதக் குரல் முகத்துக்கு நேரே வலிவாகவும், முதுகுப்புறத்தில் மெலிவாகவும் செல்லும். கூத்தரோ ஓரிடத்தில் நில்லாமல் களத்தைச் சுற்றிவந்து ஆடுவர். ஒரு பக்கத்தாரை நோக்கிப் பாடும்போது மறுபக்கத்தாருக்குச் சொல் தெளிவாகக் கேளாது. அக்குறையைப் பின்பாட்டு நீக்குகின்றது. கூத்தன் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர் பலர் சேர்ந்து மீண்டும் பாடுவர். முதன்முறை தவறவிட்ட சொல் இரண்டாம் முறை செவியில் விழும். பாட்டின் பொருளைக் கட்டியங்காரன் ஊர்ப்பேச்சில் நகைச்சுவையுடன் எடுத்துரைப்பான். மற்றவர்க்கு அது சிரிப்பு. பாட்டைச் சரியாகக் கேளாதவர்க்கு அதுவே விளக்கம். இசைக்கு அழகு சேர்க்கும் முறைகளே இவை என்று கருதுவோர் உளர். அழகும் பயனும் இங்கே ஒன்றிலிருந்து ஒன்று பிரியாமல் நிற்கின்றன.

கூத்தர் உயர்ந்த சுருதியிற் பாடுவதற்கும் காரணம் உண்டு. கூட்டத்தின் முணுமுணுப்பும் காற்றின் இரைச்சலும் பெரும்பாலும் தாழ்ந்த ஓசைகள். அவற்றோடு கலவாமல் தனித்து ஒலிப்பது உயர்ந்த குரல். மனிதச் செவியும் தாழ்ந்த ஓசைகளைவிட உயர்ந்த ஓசைகளையே எளிதில் உணர்கின்றது. எபிடாரஸ் அரங்கின் கற்படிகள், நொடிக்கு ஏறத்தாழ 500 அதிர்வுகளுக்குக் குறைந்த தாழ்ந்த ஓசைகளை அடக்கி, அவற்றினும் உயர்ந்தவற்றைச் செல்லவிடுகின்றன என்று 2007-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர் எடுத்துக்காட்டினர். கிரேக்கருக்குக் கற்படி செய்த உதவியைக் கூத்தன் தன் மிடற்றாலேயே செய்துகொள்கின்றான். முகவீணை அளவிற் சிறிதாயினும் அதன் ஓசை நெடுந்தூரம் துளைத்துச் செல்வதும் இதனாலேயே.

மூன்றாவது, பொழுதின் தேர்வு. பகலில் வயலின் அக்கரையில் நிற்பவனை அழைக்கக் கைகுவித்துக் கூவவேண்டும். இரவிலோ அடுத்த ஊர்க் களத்தில் முழங்கும் மத்தளமும் கேட்கும். ஊர் அடங்கிய அமைதி மட்டும் இதற்குக் காரணமன்று. வெப்பமான காற்றில் ஒலி விரைந்து செல்லும். குளிர்ந்த காற்றில் அவ்விரைவு குறையும். பகலில் வெயிலாற் சூடேறிய தரையை ஒட்டிய காற்று வெப்பமாகவும், மேற்காற்று குளிர்ச்சியாகவும் இருக்கும். அப்போது அலையின் கீழ்ப்பகுதி முந்திச் செல்ல, ஒலி மேல்நோக்கி வளைந்து மக்களை விட்டு அகலும். தெளிந்த இரவில் தரை விரைவிற் குளிரும். அதனை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிட, மேற்காற்று வெப்பம் மிகுந்திருக்கும். அப்போது அலையின் மேற்பகுதி முந்திச் சென்று, ஒலி தரையை நோக்கி வளையும். வானுக்குச் சென்று வீணாகும் ஒலியில் ஒரு பகுதி இவ்வாறு தரைக்கு மீள்கின்றது. கல்லாற் கட்டாத கூரை ஒன்றை இரவே கூத்துக்கு அமைத்துத் தருகின்றது என்று கூறலாம். கூத்தர் பகலுழைப்பு முடிந்த நேரம் என்று இரவைத் தேர்ந்தனர். அத்தேர்வு குரலுக்கும் நன்மையாயிற்று.

இவையனைத்துக்கும் அடிப்படை பயிற்சி. இளமையிலேயே குருவிடம் சேர்ந்து, விடியற்பொழுதில் மூச்சை அடக்கிப் பாடிப் பழகி, சொல்லின் கடைசி எழுத்தும் மழுங்காமல் ஒலிக்கக் கற்பது பழைய முறை. பொழுது விடியும்வரை பாடியும் கரகரப்பு ஏறாத மிடறு, பல ஆண்டு உழைப்பின் பயன். மேடை நாடகத்திலும் அந்நாளில் நிலை இதுவே. தமிழ் நாடகத் தலைமை ஆசிரியராகப் போற்றப்பெறுபவரும், 1922-ஆம் ஆண்டில் புதுச்சேரியிலேயே மறைந்தவருமாகிய சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்து நடிகர், தம் குரலையே நம்பி மேடையேறினர்.

பின்னர் ஒலிபெருக்கி வந்தது. அதனால் விளைந்த நன்மையை மறுத்தல் தகாது. கூத்தரின் மிடற்றுக்கு அது ஓய்வு தந்தது. பெருங்கூட்டத்துக்கும் சொல்லைக் கொண்டு சென்றது. ஊர்திகளின் இரைச்சல் மிகுந்துவிட்ட இந்நாளில், அதனை அறவே விலக்கல் பல இடங்களில் இயலாது. ஆயினும் அதனால் நேரும் இழப்பையும் எண்ணவேண்டும். களம் முழுதும் சுற்றி ஆடவேண்டிய கூத்தன், ஒலிவாங்கியின் முன்னே வந்து நிற்கவேண்டியவனாகின்றான். ஆடுபவன் ஒரு பக்கம் நிற்க, குரல் கம்பத்தில் கட்டிய கருவியிலிருந்து மற்றொரு பக்கம் எழுகின்றது. மத்தளமும் ஆர்மோனியமும் அளவின்றிப் பெருகினால், திரௌபதியின் முறையீடு அவற்றுள் அமிழ்ந்துவிடும். கம்பத்தின் அடியில் அமர்ந்தவர்க்குச் செவி வலிக்கும். ஓசை மிகுந்தும் சொல் விளங்காது. ஓசையைப் பெருக்குவது வேறு, சொல்லைக் கொண்டு சேர்ப்பது வேறு. முன்னதைக் கருவி செய்யும். பின்னதற்குப் பயின்ற குரலும், இடமறிந்த அறிவும் வேண்டும். கருவி உண்டு என்னும் துணிவால் பயிற்சி கைவிடப்படின், மின்விசை நின்ற இரவில் கூத்தும் நின்றுவிடும்.

பாகூர் கல்வியாற் சிறந்த ஊர். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ வேந்தன் நிருபதுங்கவர்மன் காலத்தில், அவ்வூரில் விளங்கிய வித்தியாத்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்ட செய்தியைப் பாகூர்ச் செப்பேடு தெரிவிக்கின்றது. ஆசிரியன் உரைக்க மாணவன் செவியால் ஏற்பதே அக்காலக் கல்வி. எழுத்தறியாத உழவனுக்கும் அவன் மனைவிக்கும் கல்விச்சாலையாக அமைந்தது கூத்துக்களம். பாரதத்தின் அறமும் மறமும் அவர்தம் செவி வழியாகவே நெஞ்சிற் புகுந்தன.

உரோம அரங்கில் யார் எங்கே அமர்வது என்பதைச் சட்டம் வகுத்தது. அகஸ்தஸ் பேரரசனின் ஆணைப்படி, கூத்துக் காண வந்த பெண்டிர் பின்வரிசைகளுக்கே அனுப்பப்பட்டனர். ஆயினும் அரங்கமைத்த கலைஞன் கயிறு பிடித்துப் படிகளை அளந்தபோது, அக்கடைசிப் படியையும் சேர்த்தே அளந்தான். சிற்றூர்க் கூத்தில் அத்தகைய ஆணை இல்லை, கட்டணமும் இல்லை. நேரங்கழித்து வந்தவர் கடைசியில் அமர்கின்றனர், அவ்வளவே. அவர்களையும் எண்ணியே பின்பாட்டு மீண்டும் ஒலிக்கின்றது. கூத்தன் குரலை உயர்த்துகின்றான். அவையில் கடைசியாக அமர்ந்தவரின் செவியையும் தன் பொறுப்பாகக் கருதும் கலையே மக்கட் கலையாகும். அப்பொறுப்பைக் குரல் மறவாதவரை, வெட்டவெளியும் நல்ல அரங்கேயாகும்.